முப்பத்திரண்டு இன்ச் இலவசம்

‘இலவச டிவி’ என்று சொல்லிப் பாருங்கள். படித்த, மாதச் சம்பளம் வாங்குகிற, கொஞ்சம் புத்தகமும் வாசிக்கிற கூட்டத்தில் உடனே ஒரு நமுட்டுச் சிரிப்பு எழும். ஓட்டுக்கு விலைபோனவர்கள், ஓசி என்றால் வாய்பிளப்பவர்கள், முட்டாள் பெட்டிக்கேற்ற ஜனங்கள். அந்தச் சிரிப்புக்குக் கிட்டத்தட்ட இருபது வயது. அன்று சிரித்தவர்கள்தான் இன்று தீபாவளி ஆஃபரில் பத்தாயிரத்துக்குக் கீழே வருகிற 32 இன்ச் ஸ்மார்ட் டிவியின் லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘செம டீல், விட்றாதீங்க’ என்கிறார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். நீங்கள் சிரித்த பெட்டியைவிட நீங்கள் லிங்க் அனுப்புகிற பெட்டியில்தான் இலவசம் அதிகம். அதுவும் மோசமான ரக இலவசம். பழைய பெட்டியைக் கொடுத்தது யார், எந்தக் காசில், எதை எதிர்பார்த்து என்று ஊருக்கே தெரியும். அதைச் சட்டசபையில் கேட்கலாம், கோர்ட்டில் கேட்கலாம், தேர்தலில் கேட்கலாம். கேட்டோம். புதிய பெட்டியின் விலையில் மீதியைக் கட்டுவது யார் என்று அட்டைப்பெட்டியின் ஆறு பக்கத்திலும் எழுதியிருக்காது.

பழசை முதலில் பார்த்துவிடலாம். 2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி அது. ஆட்சிக்கு வந்ததும் அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் வழங்க ஆரம்பித்தார்கள். 14 இன்ச், கலர், பின்பக்கம் புடைத்த குழாய்த் திரை. முதல் ஆண்டு பட்ஜெட்டில் 750 கோடி ரூபாய். 2011-இல் ஆட்சி மாறித் திட்டம் நிற்பதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. உலகத்தில் எந்த அரசாங்கமாவது இத்தனை வீட்டுக்கு டிவி கொடுத்திருக்கிறதா என்றால், எனக்குத் தெரிந்து கிடையாது.

அதில் அரசியல் இல்லையா? ஏன் இல்லை. டிவி இலவசம், கேபிளுக்கு மாசாமாசம் காசு. அந்தக் கேபிள் தொழிலில் கோலோச்சியது ஆளுங்கட்சித் தலைவரின் உறவுக் குடும்பம். இதை டீக்கடையில் சொன்னார்கள், எதிர்க்கட்சி மேடையில் சொன்னார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். 2007-இல் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே சண்டை வந்தபோது அதே அரசு ‘அரசு கேபிள்’ நிறுவனத்தைத் தொடங்கியது. சமாதானம் ஆனதும் அது தூங்கப் போனது. (தமிழ்நாட்டு ஊடக வரலாற்றைக் கல்யாணம், காதுகுத்துப் பத்திரிகைகளை வைத்தே எழுதிவிடலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.) 2011-இல் ஜெயலலிதா வந்தார். டிவி நின்றது, மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தது. அரசு கேபிள் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. கூட்டிக் கழித்துப் பாருங்கள். இலவசத்துக்குள் ஒரு வியாபாரக் கொக்கி இருந்தது, ஜனங்கள் அதைப் பார்த்தார்கள், அடுத்த தேர்தல் சுற்றில் கொக்கியின் விலை இறங்கியது.

நீதிமன்றத்துக்கும் போனார்கள். சுப்ரமணியம் பாலாஜி எதிர் தமிழ்நாடு அரசு. இந்த டிவியை எதிர்த்துத் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது, ஆனால் சுதந்திரமான தேர்தலின் அடிவேரை அது அசைக்கிறது, தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்கட்டும் என்றது நீதிமன்றம். தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் உண்டு. அது இருக்கட்டும். ஒரு 14 இன்ச் பெட்டியின் நியாய அநியாயத்தை நாட்டின் உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து பேசியது. 2022-இல் பிரதமர் ‘ரேவடிக் கலாச்சாரம்’ என்று மிட்டாய்க் கணக்கில் கேலி பேசியபோதும் இங்கே வரிசையாகப் பதில் வந்தது. சண்டை போட ஒரு களம் இருந்தது.

இப்போது புதுசு. இதை மாகறலில் வைத்துச் சொல்வதுதான் எனக்கு வசதி. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிற ஊர். சம்பந்தர் பாடிய தலம். என் அத்தை வீடு அங்கே. முன்கட்டில் குழித்தறி, காஞ்சிபுரத்து முதலாளியிடம் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்கிறார்கள். கோர்வைச் சேலை நெய்ய இரண்டு ஆள் வேண்டும். மாமா குழியில் இறங்கி மிதிப்பார், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். அந்த வீட்டுக்கும் 14 இன்ச் வந்தது. தறிக்கு எதிரே சுவர் அலமாரியில் வைத்திருந்தார்கள். நான் சின்ன வயதிலேயே கவனித்த விஷயம், தறியில் இருக்கும்போது அவர்கள் டிவியைப் பார்ப்பதில்லை, கேட்பார்கள். கண் நூலில் இருக்கும். அறுந்தால் போச்சு. சீரியலில் யார் அழுகிறார்கள் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவார் அத்தை. பாட்டு வந்தால் மிதி கொஞ்சம் வேகமாகும்.

அந்தப் பெட்டி பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒருமுறை எல்.ஓ.டி. போயிற்று, ஒருமுறை பவர் சப்ளை. மெக்கானிக் வீட்டுக்கே வந்து, பின்பக்கத்தைக் கழற்றி, ஊதி, பற்றவைத்துவிட்டுப் போவார். சில நூறு ரூபாய். பிறகு அத்தை மகன் வேலைக்குப் போய், ஆன்லைன் ஆஃபரில் ஒரு 32 இன்ச் ஸ்மார்ட் டிவி வாங்கிப் போட்டான். பிராண்ட் பெயர் இங்கே வேண்டாம், அது தனிப்பட்ட ஒரு கம்பெனியின் கதையும் இல்லை.

ஆன் செய்தால் லோகோ சுற்றும். பிறகு ஒரு திரை வரும். முழுக்கப் படங்களின் போஸ்டர், வீட்டில் யாரும் சந்தா கட்டாத சேவைகள். ரிமோட்டில் அந்தச் சேவைகளின் பெயரில் நான்கு பட்டன், ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண் பட்டன் கிடையாது. கேபிள் பாக்ஸுக்குப் போக மூன்று முறை அழுத்தி இறங்க வேண்டும். அத்தை கேட்டார்: “இன்னாடா இது, இத்தினி படத்தக் காட்றான், ஒன்ன தொட்டா காசு கேக்கறான். டிவி போட்டா டிவி எங்கடா?”

பொறியியல் பட்டம் வாங்கிய நான் இதுவரை கேட்ட கேள்விகளில் இதைவிடக் கூர்மையானது குறைவு. போஸ்டர்கள் அங்கே இருப்பது தற்செயல் இல்லை. அந்த இடம் விற்கப்பட்ட இடம். ரிமோட் பட்டனும் அப்படியே. அத்தைக்கு வேண்டிய எண் பட்டனுக்குக் காசு தர யாரும் இல்லை, அதனால் அது போயிற்று.

பெட்டி ஏன் இவ்வளவு மலிவு? நேர்மையான காரணங்கள் சில உண்டு. விலையில் பாதிக்கும் மேல் பேனல்தான், பெரும்பாலும் சீனாவில் தயாராவது, அதன் விலை நீண்டகாலப் போக்கில் சரிந்திருக்கிறது. 2019 ஜனவரியில் 32 இன்ச் வரையுள்ள டிவிக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதம் ஆனது, அதைவிடப் பெரியவற்றுக்கு 2025 செப்டம்பர் 22-இல்தான் குறைந்தது. அதனால் 32 இன்ச் என்பதே ஏழை வீட்டு அளவாக நிலைத்துவிட்டது. பெயரும் வாடகைக்குக் கிடைக்கிறது. பிரான்ஸின் தாம்சன், அமெரிக்காவின் கோடாக், ஜெர்மனியின் ப்ளாபங்ட், இந்த மூன்று பெயரிலும் இந்தியாவில் டிவி விற்க உரிமம் வைத்திருப்பது நொய்டாவிலிருக்கும் ஒரே நிறுவனம். சட்டத்துக்கு உட்பட்டதுதான், தப்பு என்று சொல்லவில்லை. எண்பதுகளில் சென்னையிலேயே டயனோரா, சாலிடேர் என்று டிவி செய்தார்கள், இப்போது உலகம் முழுக்க எல்லாரும் ஏறக்குறைய ஒரே பேனலையும் ஒரே போர்டையும் வேறு வேறு சட்டை போட்டு விற்கிறார்கள்.

ஆனால் மிச்சக் கணக்கை அமெரிக்காவில் பார்க்க வேண்டும். அங்கே பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனி கணக்கைக் காட்டியாக வேண்டும். விசியோ என்ற மலிவு விலை டிவி கம்பெனி 2021-இன் மூன்றாம் காலாண்டில் டிவி விற்றதில் பெற்ற மொத்த லாபம் 2.56 கோடி டாலர். விளம்பரம், பார்வையாளர் தரவு உள்ளிட்ட ‘பிளாட்ஃபார்ம்’ பிரிவில் பெற்றது 5.73 கோடி டாலர். இரண்டு மடங்குக்கும் மேல். டிவி என்பது வீட்டுக்குள் நுழைய ஒரு டிக்கெட், வியாபாரம் அதற்குப் பிறகு. அதே கம்பெனி 2017-இல் அந்த நாட்டு மத்திய வர்த்தக ஆணையத்திடம் மாட்டி 22 லட்சம் டாலர் கட்டியது. காரணம், 1.1 கோடி டிவிகளில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பதை நொடிக்கு நொடி, சொல்லாமல் சேகரித்தது. அதற்காக யாரும் அதை ஒதுக்கிவிடவில்லை. 2024 டிசம்பரில் வால்மார்ட் 230 கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. 2023-இல் டெலி என்ற இன்னொரு கம்பெனி மிச்சமிருந்த வெட்கத்தையும் விட்டது. டிவியே சும்மா தருகிறோம், கீழே இன்னொரு சின்னத் திரை இருக்கும், அதில் விளம்பரம் ஓடும், அதை மூடக்கூடாது என்றது. இதைப் பார்த்து யாராவது ‘ஓசி’ என்று சிரித்தார்களா? ‘பிசினஸ் மாடல்’ என்றார்கள்.

எப்படித் தெரிந்துகொள்கிறது பெட்டி? தானியங்கி உள்ளடக்க அடையாளம் என்று ஒரு தொழில்நுட்பம். திரையில் ஓடுவதை அவ்வப்போது படம் பிடித்து, கைரேகை மாதிரி ஒரு சுருக்கக் குறியாக மாற்றி, சர்வருக்கு அனுப்பி, அங்கே இருக்கிற பட்டியலோடு ஒத்துப்பார்ப்பது. ஹெச்டிஎம்ஐ வழியாக வருகிற படத்தையும் பிடிக்கும், அதாவது கேபிள் பாக்ஸும் தப்பாது. 2024-இல் லண்டன், கலிஃபோர்னியா, மாட்ரிட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து இரண்டு பெரிய பிராண்டுகளின் டிவியை ஆராய்ந்தார்கள். எல்ஜி 15 நொடிக்கு ஒருமுறையும் சாம்சங் நிமிடத்துக்கு ஒருமுறையும் இப்படி அனுப்பியதைக் கண்டார்கள். அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றாக அணைத்தால் நின்றது என்பதையும் நேர்மையாக எழுதினார்கள்.

‘அதான் சொல்றோம், சீப்பா வாங்காதே, நல்ல பிராண்டா வாங்கு’ என்கிற யூடியூப் ரிவ்யூ நண்பர்களுக்காகவே அந்த இரண்டு பெயரையும் சொன்னேன். நாற்பதாயிரம் கொடுத்தவனும் இதே வரிசையில்தான் நிற்கிறான், கொஞ்சம் நல்ல ஸ்பீக்கரோடு.

‘அணைத்துக்கொள்ளலாமே’ என்பது அடுத்த பதில். இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். முதல்முறை ஆன் செய்யும்போது வருகிற ‘ஏற்கிறேன்’ பட்டனை நீலத்தில் பெரிதாகவும், ‘வேண்டாம்’ என்பதைச் சாம்பல் நிறத்தில் ஓரமாகவும் வைப்பது எதேச்சையாக நடப்பதில்லை. இரண்டு வடிவத்தையும் ஆளுக்குப் பாதியாகக் காட்டி, எதில் அதிகம் பேர் ‘ஏற்கிறேன்’ அழுத்துகிறார்கள் என்று அளந்து, ஜெயித்ததை வைப்போம். இதற்கு மீட்டிங் உண்டு, சார்ட் உண்டு, பாராட்டு மெயில் உண்டு. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பது மாகறலில் ரிமோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கிற ஒரு நெசவுக்காரப் பெண். இதைச் ‘சம்மதம்’ என்று எழுதிக்கொள்ள எங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

கூகுள் டிவி வகைப் பெட்டியில் முதல் செட்டப்பின்போது ‘பேசிக் டிவி’ என்று ஒரு வழி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் இணையமும் பரிந்துரையும் இல்லாத சாதா டிவியாக ஓடும். கடையில் எந்த விற்பனையாளராவது இதைச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

விளம்பரம் எப்போது இல்லாமல் இருந்தது, சன் டிவியில் பார்க்காத விளம்பரமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அந்த விளம்பரம் சேனலோடு வந்தது. சேனலை மாற்றினால் போயிற்று. பெட்டிக்கு அதில் பங்கு கிடையாது, நீங்கள் எதைப் பார்த்தாலும் அதற்கு ஒன்றுதான். இந்தப் பெட்டிக்கு நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதில் காசு இருக்கிறது. வீட்டு அலமாரியில் ஒரு தரகனை உட்கார வைத்திருக்கிறோம், அவனுக்குக் கரண்ட் பில்லும் நாமே கட்டுகிறோம்.

மாகறல் கோயிலுக்கு ஒரு தலபுராணக் கதை உண்டு. ஊரில் ஒரு பலாமரம், நாளுக்கு ஒரு பழம் தரும். அதைச் சிதம்பரத்துக்குச் சுமந்துபோய் நடராஜருக்குப் படைத்து, பிறகு ராஜேந்திர சோழனிடம் சேர்க்க வேண்டும். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் நடை. வீட்டுக்கு ஒருவர் என்று முறைவைத்து ஊரே சுமந்தது. ஒரு சிறுவனின் வீட்டு முறை வந்தபோது அவன் மரத்தையே கொளுத்திவிட்டான். அரசன் அவனை நாடு கடத்தினான். அப்புறம் பொன்னிற உடும்பு, புற்றுக்குள் லிங்கம் என்று கதை வேறு பக்கம் போய்விடும். கோயிலுக்குப் போகிறவர்கள் உடும்பைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்தப் பையனைத்தான் பிடிக்கும். பழம் தினமும் சும்மா கிடைக்கிறது என்று கணக்கெழுதியவர்கள் யாரும் சுமந்தவர்கள் இல்லை.

சரி, டிவியைக் கொளுத்தச் சொல்கிறேனா என்றால் இல்லை. இதைப் படிக்கிற இலக்கிய நண்பர்கள் சிலருக்கு அந்த ஆசை ஏற்கெனவே உண்டு என்று தெரியும். ‘டிவியே வேண்டாம், புத்தகம் படிக்கச் சொல்லுங்கள்.’ பத்து மணி நேரம் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு, கண்ணை நூலில் வைத்திருந்தவரிடம் போய், இனி அந்தக் கண்ணை எழுத்தில் வையுங்கள் என்று சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது. நீங்கள் ஓடிடியில் கொரியத் தொடர் பார்த்தால் அது ரசனை, அத்தை மூணாவது மாடல் டிவியில் சீரியல் பார்த்தால் அது மூளைச்சலவை. இந்தக் கணக்கை விட்டுவிட்டு வந்தால் பேசலாம். பொழுதுபோக்கு வேண்டும் என்பது கேவலமான தேவை கிடையாது. 2006-இல் அதைத் தேவை என்று ஒப்புக்கொண்டு ஓர் அரசு பணம் ஒதுக்கியதே, அதுதான் உங்களுக்கு உறுத்தியது என்று நினைக்கிறேன். அரிசி கொடுத்திருந்தால் இவ்வளவு சிரித்திருக்க மாட்டீர்கள்.

நான் கேட்பது மிகச் சின்ன விஷயம். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு உடனே புரியும். ஜரிகை அசலா என்று பார்க்க அங்கே ஒரு பழைய வழி உண்டு. ஜரிகையை லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிய வேண்டும். அசல் ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியது. வேறு நிறம் தெரிந்தால் போலி. கையால் முடியாதென்றால் கருவியில் வைத்து வெள்ளி எத்தனை, தங்கம் எத்தனை என்று சதவீதமே சொல்லிவிடுவார்கள். அறுபதாயிரம் ரூபாய்ச் சேலைக்கு இருக்கிற இந்தச் சுரண்டிப் பார்க்கிற உரிமை பத்தாயிரம் ரூபாய் டிவிக்கு ஏன் இல்லை?

அட்டைப்பெட்டி மேல் மூன்று வரி போதும். மென்பொருள் அப்டேட் எந்தத் தேதிவரை வரும். பார்ப்பதைப் பதிவுசெய்யுமா, வாங்கும்போது அது அணைந்திருக்கிறதா. இணையம் இல்லாமல் முழு டிவியாக ஓடுமா. இதில் முதல் வரி ஒன்றும் புரட்சி இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணைகிற பொருளை விற்கிறவர் குறைந்தது எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவார் என்று சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். நம் ஊரிலும் டிவி எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று ஸ்டார் லேபிள் ஒட்டச் சொல்ல முடிகிறது. கரண்டைவிட அதிகமாகக் குடிக்கிற விஷயத்துக்கு லேபிள் இல்லை.

சட்டம் தூங்குகிறது என்றும் சொல்ல முடியாது, விழித்திருக்கிறது, வேறு யாருக்காகவோ. 2025 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு டிவி வழக்கை முடித்தது. கூகுள் 20.24 கோடி ரூபாய் கட்டிச் சமரசம் ஆனது. டிவி கம்பெனிகள் இனி பிளே ஸ்டோரை மட்டும் தனியாக உரிமம் எடுத்துக்கொள்ளலாம். கம்பெனிக்குக் கிடைத்த சுதந்திரம் நல்லதுதான். சோஃபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒப்பந்தத்தில் நாற்காலி இல்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதற்கு மேலும் 18 மாதம். அதற்குள் இப்போது விற்கிற பட்ஜெட் டிவிகளில் பலவற்றின் மென்பொருள் வயசாகிப் படுத்துவிடும்.

அப்படித்தான் மாகறல் பெட்டியும் படுத்தது. மூன்றாம் வருஷம். ஸ்டோரேஜ் எட்டு ஜிபி, அதில் பாதி அவர்களுடைய ஆப், அழிக்க முடியாது. மெமரி ஒரு ஜிபி. ஆப்கள் அப்டேட் கேட்டன, பெட்டிக்கு அப்டேட் நின்றுவிட்டது. லோகோ சுற்றிக்கொண்டே இருந்தது, சில நாள் மாமா ஒரு சாண் நெய்து முடிக்கும்வரைகூட. கம்பெனி உதவி எண், ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள் என்றது, பிறகு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கிறது என்றது. திரையில் ஒரு புள்ளி பழுதில்லை. பளிச்சென்று இருந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனோம். கழற்றிப் பார்த்துவிட்டு, “யுனிவர்சல் போர்டு போட்டுடலாமா? ஸ்மார்ட் போயிடும், பரவால்லியா?” என்று கேட்டார். சீனாவிலிருந்து வருகிற பச்சை நிற போர்டு, எந்தப் பேனலுக்கும் பொருந்தும்படி ஜம்பர் மாற்றிக்கொள்ளலாம். கூலியோடு ரெண்டாயிரத்துக்குள் முடிந்தது. ஆன் செய்தால் ஐந்து நொடியில் நீலத் திரை, ஹெச்டிஎம்ஐ ஒன்று, கேபிள், பாட்டு. எண் பட்டன் வைத்த ரிமோட்டும் கூடவே கொடுத்தார். வாரத்துக்கு இரண்டு மூன்று இப்படி வருவதாகச் சொன்னார், எல்லாம் 32 இன்ச், எல்லாம் மூன்று நான்கு வருஷத்து டிவி.

கழற்றிய போர்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒரு மூலையில் அரிசி மூட்டைச் சாக்கில் அவை நிறைந்திருந்தன. ஒன்றிரண்டு ஐசி தேறும், மிச்சம் கிலோ கணக்கில் போகும் என்றார்.